முடி உதிர்வும் மூன்று மாதக் கணக்கும்

இரண்டாம் ஆண்டு, விலங்கியல்

எங்கள் விடுதியில் காலை ஏழு மணிக்கு எந்த அறைக்குள் நுழைந்தாலும் ஒரே பேச்சுத்தான். சீப்பில் சிக்கிய முடியை விரலில் சுருட்டிக்கொண்டே, "இந்த ஊர்த் தண்ணீரே சரியில்லை" என்பார் ஒருவர். "ஷாம்புவை மாற்று" என்பார் இன்னொருவர். "சின்ன வெங்காயத்தை அரைத்துத் தேய்" என்று மூன்றாமவர் வைத்தியம் சொல்வார். மாணவர் விடுதியிலும் இதே பேச்சு நடப்பதாக வகுப்பு நண்பர்கள் சொல்கிறார்கள். அங்கே தண்ணீரோடு ஹெல்மெட்டின் மீதும் பழி விழுகிறதாம்.

இவற்றுள் எது மெய், எது வீண் அச்சம் என்பதனை, நம்மிடையே அடிக்கடி எழும் வினாக்களின் வழியாகவே இங்குக் காண்போம். இக்கட்டுரையை எழுத எனக்கு ஒரு கடமையும் உண்டு. முடியைப் பற்றி ஒன்றும் அறியாமல் நான் சொன்ன ஒரு வார்த்தையால் என் அறைத்தோழி ஆறு மாதம் துன்பப்பட்டாள். அதனையும் உரிய இடத்தில் சொல்கிறேன்.

1. நாளொன்றுக்கு எத்தனை முடி உதிரலாம்?

மனிதர் தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் முடிகள் உள்ளன. ஒவ்வொரு முடிக்கும் மூன்று பருவங்கள் உண்டு. முதலாவது வளர்பருவம். இது 2 முதல் 6 ஆண்டுகள் வரை நீடிக்கும். இக்காலத்தில் முடி மாதத்திற்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. அடுத்தது இரண்டு மூன்று வாரங்களே நீடிக்கும் இடைப்பருவம். மூன்றாவது ஏறத்தாழ மூன்று மாதம் நீடிக்கும் ஓய்வுப் பருவம். ஓய்வு முடிந்ததும் பழைய முடி விழுந்து, அதே மயிர்க்காலில் புதுமுடி எழுகிறது.

எந்த நேரத்திலும் பத்தில் ஒன்பது பங்கு முடிகள் வளர்ந்துகொண்டிருக்க, எஞ்சிய ஒரு பங்கு ஓய்வில் இருக்கும். ஆகவே நாள்தோறும் 50 முதல் 100 முடிகள் வரை உதிர்வது இயற்கை. தென்னந்தோப்பில் நாள்தோறும் இரண்டு மட்டையாவது விழுந்து கிடக்கும். அதைக் கண்டு தோப்பு அழிகிறது என்று எவரும் கலங்குவதில்லை. ஒவ்வொரு மரமும் தன் முறை வரும்போது முற்றிய மட்டையைக் கழிக்கிறது, அவ்வளவே. இரண்டு நாள் தலை வாராமல் மூன்றாம் நாள் வாரினால், மூன்று நாள் முடியும் சேர்ந்தே சீப்பில் வரும் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

2. உதிர்ந்த முடியின் நுனியில் வெள்ளைக் குமிழ் இருக்கிறதே, வேரோடு வந்துவிட்டதா?

இந்த ஐயம் எனக்கும் இருந்தது. நம் ஆய்வகத்து நுண்ணோக்கியில் என் முடி ஒன்றையே வைத்துப் பார்த்தேன். அடியில் நிறமற்ற, சிறு கதை போன்ற தடிப்புத் தெரிந்தது. அது வேர் அன்று. ஓய்வுப் பருவத்தை முடித்த முடியின் அடி அவ்வாறுதான் இருக்கும். முடியை உண்டாக்கும் உயிரணுக்கள் தோலுக்குள் மயிர்க்காலின் அடியிலேயே தங்கிவிடுகின்றன. வெள்ளைக் குமிழோடு விழும் முடி, முறைப்படி ஓய்வு பெற்று விழுந்த முடியே ஆகும்.

3. கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறதே, அது ஏன்?

இங்கேதான் என் கதை வருகிறது. முதலாண்டு ஆகஸ்டு மாதத்தில் எனக்கு டைபாய்டு காய்ச்சல் கண்டு, மூன்று வாரம் வீட்டில் கிடந்தேன். தேறி விடுதிக்குத் திரும்பினேன். நவம்பரில் முடி கைப்பிடி கைப்பிடியாக வரத் தொடங்கியது. விடுமுறைக்குச் சென்றபோது அம்மா, "என்ன கண்ணு, சடை எலிவால் மாதிரி ஆயிருச்சு!" என்று வருந்தினார். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்தான் காரணம் என்று முடிவு கட்டினோம். கைப்பேசி விளம்பரத்தில் கண்ட ஓர் எண்ணெயை, பால் ஊற்றிய பணத்தில் அம்மா மூன்று புட்டி வாங்கித் தந்தார். மூன்றுக்கும் 1,800 ரூபாய். டிசம்பரில் தேய்க்கத் தொடங்கினேன். பிப்ரவரி இறுதியில் முடி கொட்டுவது நின்றுவிட்டது. எண்ணெயின் மகிமையே மகிமை என்று விடுதி முழுதும் சொல்லித் திரிந்தேன்.

என் அறைத்தோழிக்கும் அப்போது முடி கொட்டிக்கொண்டிருந்தது. என் சொல்லை நம்பி அவளும் மார்ச்சு முதல் அதே எண்ணெயைத் தேய்த்தாள். நிற்கவில்லை. "இன்னும் ஒரு புட்டி போட்டுப் பார்" என்றேன். இரண்டாம் மாடி ஏறுவதற்குள் அவள் இருமுறை நின்று மூச்சு வாங்குவாள். நாங்கள் அதைக் கேலி செய்தோமே தவிர, ஏன் என்று எண்ணிப் பார்க்கவில்லை. செப்டம்பரில் நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் இரத்தப் பரிசோதனை செய்தார்கள். அவளுக்கு ஹீமோகுளோபின் 7.6 கிராம். பெண்களுக்கு 12 கிராமுக்குக் குறைந்தாலே இரத்தசோகை என்பது கணக்கு. மருத்துவர் அவளுடைய முகத்தையும் நகத்தையும் பார்த்தார். மாதவிலக்கில் இரத்தம் மிகுதியாகப் போகிறதா என்று கேட்டார். பிறகு, "முடியும் கொட்டுமே?" என்றார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

என் முடி நின்றதும் அவள் முடி நில்லாததும் ஏன் என்று உடலியல் பேராசிரியை அவர்களிடம் கேட்டேன். அவர் விடை சொல்லாமல், "முடி கொட்டத் தொடங்கியதற்கு மூன்று மாதம் முன்னால் உனக்கு என்ன நடந்தது?" என்று ஒரு வினாவையே எழுப்பினார். விரல் விட்டு எண்ணினேன். ஆகஸ்டு!

கடுங்காய்ச்சல், அறுவை, பிரசவம், பெரும் மனவதிர்ச்சி, இளைக்க வேண்டிப் பட்டினி கிடத்தல் ஆகியவற்றால் உடல் தளரும்போது, வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் பல ஒரே நேரத்தில் ஓய்வுப் பருவத்திற்குள் சென்றுவிடுகின்றன. அந்த ஓய்வு இரண்டு மூன்று மாதம். அது முடிந்ததும் அத்தனையும் சேர்ந்து விழுகின்றன. இதனை மருத்துவ நூல்கள் டெலோஜன் எஃப்ளூவியம் என்று குறிக்கின்றன. 2020, 2021 ஆண்டுகளில் கொரோனாவிலிருந்து தேறிய பலருக்கு முடி கொட்டியதும் இவ்வகையே. மயிர்க்கால் அழிவதில்லை. காரணம் நீங்கியிருந்தால் பெரும்பாலோர்க்கு ஆறு மாதத்திற்குள் உதிர்வு தானே நின்றுவிடும்.

ஆகவே எண்ணெய் தேய்த்திராவிட்டாலும் என் முடி பிப்ரவரியில் நின்றிருக்கும். என் தோழிக்கோ காரணம் நீங்கவேயில்லை. இரத்தம் குறைந்துகொண்டே போயிற்று. இன்று விழும் முடி மூன்று மாதத்திற்கு முந்தைய நிகழ்ச்சிக்குச் சாட்சி சொல்கிறது. இந்தக் கணக்கை அறியாதவர், நேற்று மாற்றிய சோப்பின் மேல் பழியையும், கடைசியாகத் தேய்த்த எண்ணெய்க்குப் புகழையும் ஏற்றிவிடுகிறார்.

4. தண்ணீர், ஹெல்மெட், எண்ணெய், மொட்டை: இவற்றின் பங்கு என்ன?

தோலுக்கு வெளியே தெரியும் முடி உயிரற்ற கெரட்டின் புரதம். உப்புத் தண்ணீர் அதைச் சொரசொரப்பாக்கலாம், சிக்கலாக்கலாம். தோலுக்கு அடியில் உள்ள மயிர்க்காலை அது கொல்வதில்லை. ஹெல்மெட்டும் வழுக்கையை உண்டாக்காது. முடிக்கு அஞ்சித் தலைக்கவசத்தைக் கழற்றுவது உயிரோடு விளையாடுவதாகும்.

தேங்காய் எண்ணெய் முடியிழைக்குள் ஊடுருவி, கழுவும்போது புரதம் இழக்கப்படுவதைக் குறைக்கிறது. முடி முறியாமல் காப்பது அதன் பயன். வழுக்கையில் முடி முளைப்பிக்கும் ஆற்றல் அதற்கு இல்லை.

மொட்டை அடித்தால் அடர்த்தியாக வளரும் என்பதும் தவறு. மயிர்க்கால்களின் எண்ணிக்கை நாம் பிறக்கும் முன்பே அமைந்துவிடுகிறது. மழித்த முடியின் முனை கூர்மையின்றி இருப்பதால் தடித்தது போலத் தோன்றுகிறது. பழனியிலும் திருப்பதியிலும் காணிக்கை செலுத்துவது பக்தி. அதனைச் சிகிச்சையாகக் கொள்ள வேண்டாம்.

தோழியர்க்கு ஒரு சொல். நாள்தோறும் நெற்றி இழுபட இறுக்கிப் பின்னுவதும் கொண்டை போடுவதும் நெற்றியோர முடியை மெல்ல மெல்ல உதிர்க்கும். பல்லாண்டு நீடித்தால் அங்கு மீண்டும் முளைக்காமலும் போகலாம். தளரப் பின்னுவதே நன்று.

5. ஆண்களுக்கு வழுக்கை விழுவது ஏன்?

அமெரிக்க உடற்கூற்றியலார் ஜேம்ஸ் ஹாமில்டன் 1942-இல் ஓர் உண்மையை வெளியிட்டார். பருவம் எய்துமுன் விரைச்சுரப்பை இழந்த ஆண்களுக்கு வழுக்கை விழுவதில்லை. அவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தபோது, வழுக்கைக் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு முடி உதிரத் தொடங்கியது. ஆக, ஹார்மோன், மரபு ஆகிய இரண்டும் சேர்ந்தே வழுக்கை உண்டாகிறது.

1974-இல் டொமினிக்கன் குடியரசில் நடந்த ஆய்வு அடுத்த படியைக் காட்டியது. டெஸ்டோஸ்டிரோனை டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோனாக மாற்றும் நொதி பிறவியிலேயே குறைந்த ஆண்கள் சிலர் அங்கு இருந்தனர். அவர்களுக்கு முன்னெற்றி ஏறவில்லை. அந்த மாற்றுப்பொருளே மரபுவழி வழுக்கையில் மயிர்க்காலைச் சிறுகச் சிறுகச் சுருக்குகிறது என்பது தெளிவாயிற்று. தாய்வழிப் பாட்டனைப் பார்த்தால் போதும் என்பது பாதி உண்மையே. தாயிடமிருந்து வரும் எக்ஸ் குரோமோசோமில் ஒரு முக்கிய மரபணு உண்டு. ஆயினும் இரு வழியிலிருந்தும் வரும் மரபணுக்கள் பலவும் இதில் சேர்கின்றன.

6. புழுவெட்டு என்பது புழு அரிப்பதா?

இல்லை. நாணயம் போல் வட்டமாக முடி கொட்டும் இந்நோயில் புழு எதுவும் கிடையாது. நம் உடலின் எதிர்ப்பாற்றலே மயிர்க்காலைப் பகையென்று எண்ணித் தாக்குகிறது. இது பிறருக்குத் தொற்றாது. சிறு வட்டமாயின் பெரும்பாலும் ஓராண்டிற்குள் தானே முளைத்துவிடும். அப்போது எதைத் தேய்த்திருந்தாலும் அதற்கே பெயர் கிடைக்கும். பரவினால் தோல் மருத்துவர் அவ்விடத்தில் ஊசி போடுவார். கடுமையான நிலைக்குப் பாரிசிட்டினிப் என்னும் மாத்திரைக்கு 2022-இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது.

செதில், அரிப்பு, ஒடிந்த முடி ஆகியவற்றோடு வட்டமாகக் கொட்டினால் அது பூஞ்சையால் வரும் படர்தாமரையாக இருக்கலாம். அது சீப்பு வழியே தொற்றும். அதற்கு மருத்துவர் தரும் மாத்திரையைச் சில வாரம் உண்ண வேண்டும்.

7. மெய்யாகவே மருந்து உண்டா?

மரபுவழி வழுக்கைக்கு நன்கு ஆராயப்பட்ட மருந்துகள் சிலவே. மினாக்சிடில் முதலில் இரத்தக் கொதிப்பு மாத்திரையாகவே வந்தது. அதை உண்டவர்களுக்கு உடலெங்கும் முடி வளர்வதைக் கண்டே தலையில் தடவும் நீர்மமாக்கினர். 1988-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. தொடக்கத்தில் சில வாரம் உதிர்வு கூடலாம். பயன் தெரிய நான்கு மாதமாவது ஆகும். நிறுத்தினால் வளர்ந்தது மீண்டும் போய்விடும்.

ஃபினாஸ்டிரைடு மேற்சொன்ன நொதியைத் தடுக்கும் மாத்திரை. 1997-இல் ஆண்களின் வழுக்கைக்கு ஒப்புதல் பெற்றது. சிலர்க்கு ஆண்மைக் குறைவு போன்ற பக்க விளைவுகள் உண்டு. கருவுற்ற பெண்கள் உண்ணவே கூடாது. இதை மருத்துவர் சீட்டின்றி வாங்குவது பெருந்தவறு.

பின்தலை முடியை முன்தலையில் நடும் முறையும் உண்டு. அதுவும் அறுவையே. 2016-இல் சென்னையில் முடி நடும் சிகிச்சை பெற்ற மருத்துவ மாணவர் ஒருவர் உயிரிழந்தார். செய்பவர் தகுதி பெற்ற மருத்துவரா என்பதைக் கேட்டறியாமல் தலையைக் கொடுக்கலாகாது. பயோட்டின் மாத்திரையும் இன்று நண்பர்களிடையே பரவிவருகிறது. அச்சத்துக் குறைவு மிக அரிது. மிகுதியாக உண்டால் தைராய்டு முதலிய இரத்தப் பரிசோதனை முடிவுகளையே பிறழச் செய்யும்.

8. நாம் செய்ய வேண்டுவது என்ன?

முதலில் நாட்காட்டியை எடுத்து மூன்று மாதம் பின்னோக்கி எண்ணுங்கள். காய்ச்சலோ அறுவையோ இருந்தால் பொறுத்திருங்கள். காரணம் தெரியாவிட்டாலும், களைப்பு, மூச்சுவாங்கல், எடை மாற்றம், மாதவிலக்குக் கோளாறு இருந்தாலும் அரசு மருத்துவமனைக்குச் சென்று ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள். அப்படியானால், காலையில் சீப்போடு நின்று பேசும் நம் தோழியருள் எத்தனை பேர் இருப்பார்கள்!

என் தோழி மருத்துவர் சொற்படி இரும்புச்சத்து மாத்திரை உண்டு வருகிறாள். அதைத் தேநீரோடு விழுங்கக் கூடாது என்பதால் எலுமிச்சைச் சாற்றோடு உண்கிறாள். நான்கு மாதத்தில் ஹீமோகுளோபின் 11 ஆகிவிட்டது. இப்போது இரண்டாம் மாடிக்கு என்னை முந்திக்கொண்டு ஏறுகிறாள். அவள் நெற்றியோரத்தில் குச்சி குச்சியாகப் புதுமுடி எழுந்து நிற்கிறது.

எண்ணெய்ப் புட்டியின் பெயரைக் கேட்டு இனி யார் என்னிடம் வந்தாலும், என் பேராசிரியை கேட்ட அந்த ஒரு கேள்வியையே நானும் கேட்பேன். நண்பர்களே, நீங்களும் கேளுங்கள்.