கரி ஊரும் ராக்கெட்டும்

கேள்வி: கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்பு ஆலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறேன். உலைக்கு நிலக்கரி போகும் பக்கம் என் வேலை. வீட்டுக்கு வரும்போது சட்டை, காது மடல் எல்லாம் கரி. "இது எங்கேருந்துப்பா வருது?" என்று எட்டாவது படிக்கும் மகன் கேட்டான். கூட வேலை பார்க்கும் தன்பாத்காரர் சொன்ன சுரங்கக் கதைகளை அவனிடம் சொன்னேன். அரையாண்டு லீவில் மனைவி, மகன், மூன்றாவது படிக்கும் மகள், என் அம்மா எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பார்க்கிற மாதிரி, சுரங்க ஊர்க் குடும்பங்களைப் பற்றிய படம் ஒன்று சொல்லுங்கள் ஐயா.
– வாசகர், கும்மிடிப்பூண்டி

பதில்: 'அக்டோபர் ஸ்கை' பாருங்கள். 1999-ல் ஜோ ஜான்ஸ்டன் இயக்கிய அமெரிக்கப் படம். உங்கள் வீட்டுக்கென்றே எடுத்த மாதிரி இருக்கும். ஏன் என்று சொல்கிறேன்.

மேற்கு வர்ஜீனியாவில் கோல்வுட் என்று ஒரு சுரங்க ஊர். வீடு, கடை எல்லாமே கம்பெனிக்குச் சொந்தம். அப்பா இறங்கிய சுரங்கத்தில்தான் மகனும் இறங்க வேண்டும் என்பது எழுதாத சட்டம். 1957 அக்டோபர் 4-ம் தேதி ரஷ்யர்கள் ஸ்புட்னிக் செயற்கைக்கோளை விண்ணுக்கு அனுப்புகிறார்கள். ஊரே தெருவில் நின்று, இரவு வானத்தில் நகரும் அந்தப் புள்ளியை அண்ணாந்து பார்க்கிறது. அந்தக் கூட்டத்தில் நின்ற ஹோமர் ஹிக்கம் என்ற 14 வயதுப் பையனுக்கு ராக்கெட் கட்ட வேண்டும் என்ற பித்து பிடிக்கிறது. கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு, சுரங்கக் கழிவு கொட்டிய மேட்டில் ஏவுதளம் அமைக்கிறான். ராக்கெட்டுகள் வெடிக்கின்றன, தரையில் ஓடுகின்றன, சுரங்க அலுவலகம் பக்கமே பாய்கின்றன. காட்டுக்குத் தீ வைத்ததாகப் பழியும் வருகிறது. தொலைந்த ராக்கெட் எங்கே விழுந்திருக்கும் என்று கணக்குப் போட்டுத் தேடி எடுத்து, அந்தப் பழியைத் துடைக்கிறான் பையன். 'இந்தக் கணக்கெல்லாம் எதுக்கு?' என்று உங்கள் மகன் கேட்கிறவனாக இருந்தால், அந்த இடத்தில் அவன் முகத்தைப் பாருங்கள்.

இது நடந்த கதை. ஹோமரும் நண்பர்களும் 1960-ல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கண்காட்சியில் பரிசு வாங்கினார்கள். ஹோமர் பின்னாளில் நாசாவில் பொறியாளர் ஆனார். அவர் எழுதிய 'ராக்கெட் பாய்ஸ்' நினைவுக் குறிப்புதான் படத்துக்கு மூலம். படத்தில் அவர் பள்ளியை விட்டுச் சுரங்கத்தில் இறங்குவதாக வரும். நிஜத்தில் பள்ளியை அவர் விடவே இல்லை. இதைப் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்.

ஆனால் உங்களுக்கு இந்தப் படத்தைச் சொல்வது ராக்கெட்டுக்காக அல்ல, அந்த அப்பாவுக்காக. கிறிஸ் கூப்பர் நடித்திருக்கிறார். சுரங்கத்தின் மேலாளர் அவர், இருமிக்கொண்டேதான் வேலைக்குப் போகிறார். ஆபத்து என்றால் முதல் ஆளாக உள்ளே இறங்குகிறார். தன் தொழிலை அவர் மனசார நேசிக்கிறார், அதே தொழிலை மகன் வேண்டாம் என்கிறான். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது. கரியை இழிவாகக் காட்டி, ஓடித் தப்பித்தவனை மட்டும் கொண்டாடுகிற படமாக இருந்தால் உங்களுக்கு நான் சொல்லியிருக்க மாட்டேன். கரி படிந்த சட்டையோடு வீட்டுக்கு வருகிற எந்த அப்பாவும் மகன் பக்கத்தில் தலைநிமிர்ந்து உட்கார்ந்து பார்க்கலாம். கடைசி ராக்கெட் ஏவும்போது என்ன நடக்கிறது என்பதை மட்டும் இங்கே சொல்லமாட்டேன்.

ஒரு சுரங்க விபத்தும், குடித்துவிட்டுப் பையனை அடிக்கும் வளர்ப்புத் தகப்பனும் வருவார்கள். அந்த இடங்களில் சின்னவள் பக்கத்தில் இருங்கள். ஆங்கில வசனத்தை அங்கங்கே நிறுத்தி, அம்மாவுக்கு மகனையே கதை சொல்லச் சொல்லுங்கள்.

நம் நாட்டுப் படங்களில், தன்பாத் அருகே சாஸ்நாலாவில் 1975 டிசம்பர் 27 அன்று சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுந்து 370 பேருக்கும் மேல் இறந்த கொடுமையை வைத்து வந்தது 'காலா பத்தர்' (1979). உங்கள் நண்பருக்கு அந்த ஊர்ப் பெயர் கட்டாயம் தெரிந்திருக்கும். அவரையும் கூப்பிட்டு, பெரியவர்கள் மட்டும் பாருங்கள். பிள்ளைகளோடு என்றால் 'மிஷன் ராணிகஞ்ச்' (2023). 1989 நவம்பரில் வெள்ளம் புகுந்த சுரங்கத்தில் 65 பேர் மாட்டிக்கொண்டார்கள். மேலிருந்து துளை போட்டு, இரும்புக் கூண்டு ஒன்றைச் செய்து, அதில் தானே கீழே இறங்கினார் ஜஸ்வந்த் சிங் கில் என்ற பொறியாளர். 65 பேரையும் காப்பாற்றினார். படத்தில் ஆர்ப்பாட்டம் கொஞ்சம் அதிகம்தான், ஆனாலும் அந்த மனிதரைப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். சிங்கரேணி சுரங்கப் பகுதியில் நடக்கும் 'தசரா'வில் குடியும் வெட்டும் அதிகம். பிள்ளைகளுக்கு வேண்டாம்.

கேள்வி: என் மகளுக்கு ஏழு வயது. கார்ட்டூன் தவிர எதுவும் பார்க்கமாட்டேன் என்கிறாள். சுரங்க ஊர்க் கதை அதில் உண்டா?
– வாசகி, மீஞ்சூர்

பதில்: உண்டு அம்மா. ஜப்பானின் ஹயாவோ மியாசாகி 1986-ல் எடுத்த 'கேஸில் இன் தி ஸ்கை'. வேல்ஸ் நாட்டுச் சுரங்க ஊர்களை நேரில் பார்த்துவிட்டு வந்து வரைந்தது. சுரங்கத்தில் வேலை செய்யும் சிறுவனிடம், வானத்திலிருந்து ஒரு சிறுமி மிதந்து வந்து சேர்கிறாள். மகள் எழுந்து போகமாட்டாள்.

மீஞ்சூரில் இருக்கிறீர்கள், இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஒடிசாவின் தால்சேரில் வெட்டும் நிலக்கரி ரயிலில் பாரதீப் துறைமுகம் போய், அங்கிருந்து கப்பலில் எண்ணூர் வந்து, கன்வேயர் பெல்ட்டில் வடசென்னை அனல் மின் நிலையத்துக்குப் போகிறது. எரிந்த பிறகு அது சாம்பலாகிச் செப்பாக்கம் பக்கத்துச் சாம்பல் குளத்தில் கிடக்கிறது. குழாய் உடைந்து கொசஸ்தலை ஆற்றிலும் கலந்திருக்கிறது. வீட்டில் விளக்கைப் போடும்போது மகளிடம் இதையும் சொல்லுங்கள். ஏழு வயதுக்குப் புரியும்.

இரண்டு குடும்பங்களுக்கும் சேர்த்து ஒரு வேண்டுகோள். ஸ்ரீஹரிகோட்டா உங்களுக்குப் பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கம்தான். கோல்வுட் பையன் ஒரு புள்ளியைத்தான் பார்த்தான். உங்கள் பிள்ளைகள் மொட்டை மாடியில் நின்றே ராக்கெட் கிளம்புவதைப் பார்க்கலாம். 1979 ஆகஸ்ட் 10 அன்று அங்கிருந்து கிளம்பிய முதல் எஸ்.எல்.வி.-3 கடலில் விழுந்தது. அப்துல் கலாம் தலைமையிலான அதே குழு 1980 ஜூலை 18 அன்று ஜெயித்தது. படம் பார்த்த பிறகு வரும் முதல் ஏவுதல் நாளில் பிள்ளைகளை மாடிக்கு அழைத்துப் போங்கள். அவர்கள் என்ன கேட்டார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.