இலையுதிர்க்கும் குட்டிப் பூச்செடி வேண்டுமா?

கேள்வி: கிள்ளானில் டெரஸ் வீடு. வாசலில் சிறிதளவு மண்தான். வெளிநாட்டுப் படங்களில் உள்ளதுபோல் இலையுதிர்த்துப் பூக்கும் குட்டைச் செடி வைக்கலாமா?
– வாசகி, கிள்ளான்

பதில்: அந்தச் செடிகளில் பலவற்றுக்குக் குளிர்காலம் வேண்டும். குளிரில் உறங்கி எழுந்தால்தான் அவை மொட்டு விடும். நமக்கோ ஆண்டு முழுக்க வெயிலும் மழையும்தான். ஹைட்ரேஞ்சியாவைக் கேமரன் மலையில் கண்டு ஆசைப்பட்டு வாங்கிவராதீர்கள். கிள்ளான் வெக்கையில் துவண்டுவிடும்.

இலை உதிர்ப்பதைத்தான் பார்க்க வேண்டுமென்றால் அடீனியம் இருக்கிறது. வறட்சியில் இலையைக் கொட்டிவிட்டு வெறும் கிளையில் பூக்கும். தரையில் நட்டால் நம் மழையில் வேர் அழுகும். தொட்டியில், மணல் கலந்த மண்ணில், வெயில் படும் கூரையோரத்தில் வையுங்கள். காகிதப்பூவும் அப்படித்தான்: தண்ணீரைக் குறைத்தால் பூ, கூட்டினால் இலை.

என்னைக் கேட்டால், தரைக்குக் குட்டை ரக இட்லிப்பூதான். இரண்டு மூன்று அடிக்குள் அடங்கும், வெட்ட வெட்டத் தழைக்கும், சாமிக்கும் ஆகும். செம்பருத்தி 1960 முதல் தேசிய மலர். அழகுதான், ஆனால் விட்டால் ஆளுயரம் தாண்டும், மாவுப்பூச்சியும் வரும். நந்தியாவட்டையிலும் குட்டை ரகம் உண்டு.

சுங்கை பூலோ சாலையோர நர்சரிகளில் இவை கிடைக்கும். பூத்திருக்கும் செடியைவிட அடிக்கிளை அடர்ந்த செடியைத் தேர்ந்தெடுங்கள். அடீனியத்தின் பால் நச்சு. குழந்தைகள் கைபடாமல் வையுங்கள். தொட்டித் தட்டில் தண்ணீர் தேங்கவிடாதீர்கள், ஏடிஸ் கொசு அங்கேதான் முட்டையிடும்.