கண்ணைத் திறந்து உட்கார்

சிதம்பரம்,
கார்த்திகை 22

அன்புள்ள செல்விக்கு,

பெரியம்மா எழுதுகிறேன். உன் தம்பி போன் செய்தான். ஃபெஞ்சல் புயல் மழைக்குப் பிறகு நீ சரியாகத் தூங்குவதில்லை என்றான். டிசம்பர் 26-ஐ ஒட்டிப் பத்து நாள் மௌன தியான முகாமுக்குப் பெயர் கொடுத்திருக்கிறாய் என்றும் சொன்னான். போனில் பேசினால் "சரி பெரியம்மா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் இந்தக் கடிதம்.

போகாதே என்று சொல்லவில்லை. படித்தவள், சம்பாதிக்கிறவள், முடிவு உன்னுடையது. ஆனால் 2004-ல் சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை தேவனாம்பட்டினத்தில் யார் உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், யாரால் ஓட முடியவில்லை என்பது நம் இருவருக்கும் தெரியும். ஆறு வயதில் உப்புத் தண்ணீர் குடித்து மூச்சு முட்டிப் பிழைத்த பிள்ளை நீ. முகாமில் அந்த மூச்சையே கண்ணை மூடிப் பார்த்துக்கொண்டிரு என்பார்கள். அதை நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

தியானத்தை நான் குறை சொல்லவில்லை. 1979-ல் ஜான் கபாட்-ஜின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் தொடங்கிய தியானப் பயிற்சியால் நாள்பட்ட வலியோடு இருந்த எத்தனையோ பேருக்குப் பயன் கிடைத்தது. ஆனால் அடிபட்ட மனசுக்கு அதே அளவு, அதே முறை பொருந்தாது. பிரௌன் பல்கலைக்கழகத்தில் வில்லபி பிரிட்டன் குழுவினர் தியானம் செய்கிறவர்களிடம் விசாரித்து 2017-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். சிலருக்குப் பயம், தூக்கமின்மை, பழைய அதிர்ச்சி திரும்ப வந்து தாக்குவது எல்லாம் நேர்ந்ததை அதில் பதிவு செய்திருக்கிறார்கள். மறு வருஷம் டேவிட் ட்ரெலீவன் இதற்கென்றே ஒரு புத்தகம் எழுதினார். ஆறாத புண்ணின் கட்டை நாள் முழுக்க அவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருந்தால் புண் ஆறுமா? நர்ஸ் வேலை பார்த்தவள் கேட்கிறேன்.

சுனாமிக்குப் பிறகு நிவாரண முகாமாக இருந்த அந்தக் கல்யாண மண்டபம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அங்கே வெளியூரிலிருந்து யாரோ வந்தார்கள். பெண்களை வரிசையாகப் பாயில் உட்கார வைத்து, கண்ணை மூடுங்கள், அலை வருவது போல மூச்சை இழுங்கள் என்றார்கள். யாரிடம் போய் எந்த அலையைச் சொல்வது! நம் தெருக்காரி ஒருத்தி எழுந்து ஓடித் தூணைக் கட்டிக்கொண்டாள். அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் கையை எடுக்க வேண்டியிருந்தது. "ஒத்துழைக்கவில்லை" என்று எழுதிக்கொண்டு, போட்டோவும் எடுத்துக்கொண்டு போனார்கள். அசையாமல் உட்கார்ந்திருந்தவர்களை அமைதியாகிவிட்டார்கள் என்று பாராட்டினார்கள். அடங்கியிருப்பது வேறு, மரத்துப்போவது வேறு என்று அவர்களுக்குத் தெரியவில்லை. இருபது வருஷமாகியும் என் கோபம் ஆறவில்லை.

பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனைக்காரர்கள் வந்து உள்ளூர் ஆட்களுக்குக் கொடுத்த பயிற்சி வேறு மாதிரி இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து காது கொடுப்பது, சொல்லச் சொல்லி நெருக்காமல் இருப்பது, பெரியவர்கள் வேலைக்கும் பிள்ளைகள் விளையாட்டுக்கும் திரும்பத் துணை நிற்பது. அதுதான் நம் ஜனங்களைத் தூக்கி நிறுத்தியது.

நீ செய்வதானால் இப்படிச் செய். கண்ணைத் திறந்து உட்கார். வாசல் தெரிகிற இடமாக இருக்கட்டும். மூச்சைக் கவனிப்பதை விட்டுவிடு, பாதம் தரையில் பதிவதைக் கவனி, இல்லையென்றால் வெளியே கேட்கிற சத்தத்தைக் கவனி. ஆரம்பத்தில் இரண்டு மூன்று நிமிஷம் போதும். நெஞ்சு படபடத்தாலோ, கை சில்லிட்டாலோ, உடம்பு உன்னுடையது இல்லை போலத் தோன்றினாலோ உடனே நிறுத்து. கண்ணில் படுகிற பொருள்களை வாய்விட்டுப் பெயர் சொல்லு, எழுந்து நட, யாரையாவது கூப்பிடு. நடுவில் நிறுத்துவது தோல்வி இல்லை. நிறுத்த முடியும் என்று தெரிந்தால்தான் மனசு நம்பி உட்காரும்.

அதற்கும் முன்னால் டாக்டரைப் பார். இங்கே அண்ணாமலை நகர் மருத்துவக் கல்லூரியில் மனநலப் பிரிவு இருக்கிறது, நான் கூட வருகிறேன். ராத்திரியில் தாங்கவில்லை என்றால் அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண் 14416, எந்த நேரமும் பேசலாம். முகாமின் படிவத்தில் மனநலம் பற்றிக் கேட்டிருப்பார்கள். அந்த இடத்தில் "ஒன்றுமில்லை" என்று எழுதிவிடாதே.

அந்தப் பத்து நாளும் நீ இங்கே வந்து இருக்கலாம், யோசித்துப் பார். விடியற்காலை நடராசர் கோயில் பிரகாரத்தைச் சேர்ந்து சுற்றுவோம். மார்கழிக் கல் காலுக்குச் சில்லென்றிருக்கும். முதலில் குதிகால், பிறகு பாதம், பிறகு விரல் என்று ஒவ்வொன்றாகப் படுவதைக் கவனித்து நடக்கலாம். நினைத்தால் நிற்கலாம், பேசலாம், அழலாம். அதுவும் தியானம்தான்.

போவதென்றே முடிவு செய்தாலும் எனக்கு வருத்தம் இல்லை. நானே ரயிலேற்றிவிடுகிறேன். முகாமுக்குப் பக்கத்திலேயே அறை எடுத்துத் தங்குகிறேன் என்கிறார் உன் பெரியப்பா. நீ எங்கள் வீட்டுத் தங்கம். உன்னளவுக்குத் துணிச்சலும் நிதானமும் நம் குடும்பத்தில் யாருக்கும் இல்லை, உன் அம்மாவைத் தவிர. உனக்குச் சரி என்று படுவதே எங்களுக்கும் சரி. வெள்ளிக்கிழமை தீபத்துக்கு வந்துவிடு. சம்பா சாதமும் கத்தரிக்காய் கொத்சும் செய்து வைக்கிறேன். உன் அறையைப் பெருக்கித் துடைத்து, மெத்தையைக்கூட வெயிலில் போட்டு எடுத்தாகிவிட்டது.

ஆயிரம் முத்தங்களுடன்,
உன் பெரியம்மா