குவாண்டம் செய்தியும் தமிழ் உவமையும்

முன்னுரை

அறிவியல் உண்மை ஆய்வுக்கூடத்தில் கணித வடிவில் பிறப்பினும், பொதுமக்களைச் சொல் வடிவிலேயே வந்தடைகின்றது. தருமபுரி மாவட்டத்துக் கம்பைநல்லூர் போன்றதோர் ஊரில் வாழும் மாணவர்க்குக் குவாண்டம் இயற்பியலைப் பற்றிய முதற்செய்தி பெரும்பாலும் நாளிதழின் தலைப்பாகவோ, கைப்பேசியில் காணும் காணொளியாகவோ கிட்டுகின்றது. அச்செய்தியின் உவமை செம்மையாயின் அறிவு வளரும். பிழைபடின் மயக்கமே மிஞ்சும். ஆதலின் அறிவியற் செய்தியின் மொழியை ஆராய்தல் தமிழ் பயில்வோர்க்கும் உரிய கடமையாகும்.

சொல்லும் பொருளும்

1900 டிசம்பர் 14 அன்று பெர்லினில் மாக்ஸ் பிளாங்க், ஆற்றல் சிறுசிறு அளவுகளாகவே பரிமாறப்படுகின்றது என்னும் கருத்தை முன்வைத்தார். 'குவாண்டம்' என்பது 'எவ்வளவு' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லாகும். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் அதனை அவ்வாறே ஆள, ஈழத்து அறிஞர் 'சத்திச்சொட்டு' என மொழிபெயர்த்தனர். கடையில் எண்ணெயை வேண்டும் அளவில் வாங்கலாம். முட்டையை ஒன்று, இரண்டு என எண்ணித்தான் வாங்க இயலும். ஆற்றலும் இவ்விடத்தில் முட்டையைப் போன்றதே.

இராமன் கண்ட ஒளி

திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமனும், வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனும் கல்கத்தாவில் நிகழ்த்திய ஆய்வு இங்கு நினையத்தக்கது. 1928 பிப்ரவரி 28 அன்று உறுதிப்பட்ட கண்டுபிடிப்பை இராமன் மறுநாளே செய்தியாளர்க்கு அறிவித்தார். மார்ச் 16 அன்று பெங்களூரில் விரிவுரையாற்றினார். ஆய்வுலகிற்கும் பொதுமக்களுக்கும் செய்தி ஏறத்தாழ ஒருங்கே சென்றது.

அக்கண்டுபிடிப்பை இவ்வாறு விளக்கலாம். ஒளித்துகள் ஒரு மூலக்கூற்றைச் சந்திக்கும்போது, சுங்கம் செலுத்துவார் போலத் தன் ஆற்றலில் ஒரு பகுதியை அளித்துச் செல்வதுண்டு. சிறுபான்மை, ஆற்றலைப் பெற்று மீள்வதும் உண்டு. அதனால் ஒளியின் நிறம் சற்றே மாறுகின்றது. சுங்கத்தின் அளவு மூலக்கூறுதோறும் வேறுபடுதலால், மாறிய நிறத்தைக் கொண்டு பொருளை அடையாளங்காணலாம். இராமனுக்கு 1930இல் நோபல் பரிசு கிடைத்தது. 1987 முதல் பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடப்படுகின்றது.

உவமையின் எல்லை

இத்தகைய விளக்கங்களைத் தமிழில் தந்த முன்னோடிகள் பலர். வழக்கறிஞராய் இருந்து அறிவியல் எழுதிய பெ. நா. அப்புசாமி, கோவையிலிருந்து 'கலைக்கதிர்' வெளிவரக் காரணமான ஜி. ஆர். தாமோதரன், வார இதழ் வாசகரின் வினாக்களுக்கு விடையளித்த சுஜாதா ஆகியோர் குறிப்பிடத்தக்கவர். எளிமைப்படுத்துவோர் எதிர்கொள்ளும் இடர் ஒன்றுண்டு. தொல்காப்பியம் உவமத்தை வினை, பயன், மெய், உரு என நால்வகைப்படுத்துகின்றது. மேற்கூறிய முட்டை உவமை எண்ணுதலாகிய வினைக்கு மட்டுமே பொருந்தும். ஆற்றலுக்கு ஓடுண்டு, உருவுண்டு எனக் கொள்ளின் பிழையாகும்.

1997இல் ஆன்டன் சைலிங்கர் குழுவினர் ஒளித்துகளின் நிலையை மற்றோர் ஒளித்துகளுக்கு மாற்றிய செய்தியை ஊடகங்கள் பல, மனிதர் ஓரிடத்தில் மறைந்து வேறிடத்தில் தோன்றும் திரைப்படக் காட்சியோடு ஒப்பிட்டன. நம் கதைமரபின் 'கூடு விட்டுக் கூடு பாய்தல்' இதனினும் நெருங்கிய உவமையாகும். ஈண்டும் துகள் செல்வதில்லை; அதன் நிலையே மற்றொன்றை அடைகின்றது; முதற்துகள் அந்நிலையை இழக்கின்றது. எனினும் இம்மாற்றம் முற்றுப்பெற வழக்கமான வழியில் ஒரு செய்தியும் சென்றாக வேண்டும். அச்செய்தி ஒளியை விஞ்சி விரைய இயலாது. இவ்வெல்லையைச் சொல்லாவிடின் நல்ல உவமையும் பொய்யாகிவிடும்.

2012 ஜூலை 4 அன்று ஜெனீவாவில் அறிவிக்கப்பட்ட ஹிக்ஸ் போசான், 'கடவுள் துகள்' என்று பரவலாக வழங்கப்பெற்றது. லியோன் லெடர்மனின் நூல்தலைப்பால் பரவிய அப்பெயரைப் பீட்டர் ஹிக்ஸ் விரும்பவில்லை. 'போசான்' என்னும் சொல்லிலோ சத்தியேந்திரநாத் போஸ் என்னும் இந்தியரின் பெயர் உறைகின்றது. கவர்ச்சியான தலைப்பு நம்மவர் பெயரையே மறைத்துவிட்டது.

பிழையால் விளையும் கேடு

இது வெறும் சொல்லாராய்ச்சியன்று. 'குவாண்டம்' என்னும் அடைமொழியைச் சூட்டி, நோய் தீர்க்கும் என்று பதக்கங்களும் கருவிகளும் விற்கப்படுகின்றன. சொல்லின் பொருளறியாதார் பொருளை இழப்பதோடு, உரிய மருத்துவத்தையும் தள்ளிப்போடுவர். மறுபுறம், 2023 ஏப்ரலில் நடுவணரசு 6,003.65 கோடி ரூபாய் மதிப்பில் தேசிய குவாண்டம் இயக்கத்திற்கு ஒப்புதல் அளித்தது. அதன் தகவல் தொடர்பு மையம் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் அமைந்துள்ளது. அதன் வாயில் சிற்றூர் மாணவர்க்கும் திறக்க வேண்டுமாயின், அத்துறையைப் பற்றிய செய்தி அவர்தம் மொழியில் தெளிவாகச் சென்று சேர வேண்டும்.

முடிவுரை

அறிவியற் செய்தியைப் படிக்கும்போது மாணவர்கள் மூன்று வினாக்களை எழுப்புவார்களாக. ஆய்வில் அளந்தறிந்தது யாது? ஆய்வாளர் கூறாததைத் தலைப்புக் கூறுகின்றதா? உவமை எவ்விடத்தில் பொருந்தாது போகின்றது? முதல் வினாவிற்கு இயற்பியல் ஆசிரியரின் துணை வேண்டும். பிற இரண்டிற்கும் தமிழ்ப் பயிற்சியே விடை தரும். இரு துறை மாணவரும் ஒருங்கமர்ந்து திங்கள்தோறும் ஒரு செய்தியையேனும் இவ்வாறு ஆராய்ந்து, நல்ல தமிழில் எழுதிக் கல்லூரி அறிவிப்புப் பலகையில் வைப்பார்களாயின், அதுவே இவ்வாய்விற்குக் கிட்டும் சிறந்த பயனாகும்.