மடிப்புக்கும் பொறுப்பு உண்டு

அன்புள்ள மகளுக்கு,

ஒரு ஃபேஷன் இதழுக்கு முழுக்க முழுக்கக் கணினியிலேயே படங்கள் உருவாக்கித் தரும் வேலை வந்திருப்பதாக எழுதியிருந்தாய். மிக்க மகிழ்ச்சி. எந்த மென்பொருளில் தொடங்குவது என்று கேட்டிருக்கிறாய். அதற்கு முன்னால் மனதில் இருத்த வேண்டிய ஒன்றைச் சொல்கிறேன். கேமராவில் பாதி விஷயம் கேட்காமலே பதிவாகிவிடும். முழங்கையில் விழுந்த சுருக்கம், மாடலின் கண்ணில் தெரியும் களைப்பு, எதிர்ச் சுவரிலிருந்து தாடையில் படியும் வெளிச்சம் எல்லாம் தாமாகவே வந்து சேரும். கணினிப் படத்தில் அப்படி எதுவும் வராது. ஒரு நூல் பிசிறுகூட யாராவது வைத்தால்தான் இருக்கும். ஆகவே அந்தப் பக்கத்தில் இருப்பவற்றுக்கும், இருக்க வேண்டியும் இல்லாமல் போனவற்றுக்கும் நீதான் பொறுப்பு.

முதலில் துணி. மார்வலஸ் டிசைனர், கிளோ போன்ற மென்பொருள்களில் உடையைத் தையற்காரர் வெட்டுகிற மாதிரியே தட்டையான துண்டுகளாக வரைந்து, ஓரங்களை இணைத்து, உருவத்தின்மேல் விழவிட வேண்டும். துணியின் எடை, இழுபடும் அளவு, வளையும்போது காட்டும் விறைப்பு எல்லாவற்றையும் எண்களாகக் கொடுக்க வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான். ஜார்ஜெட்டின் எண்களை லினனுக்குக் கொடுத்தாலும் படம் அழகாகவே வரும்; ஆனால் உலகில் எந்த லினனும் அப்படிக் குழைந்து தொங்காது. ஒரே துணி நேராக வெட்டினால் ஒரு விதமாகவும் கிராஸ் கட்டிங்கில் வேறு விதமாகவும் விழும் என்பது ரவிக்கை தைக்கும் எவருக்கும் தெரியும். வெல்வெட் விளிம்பில் மினுங்கி நடுவில் இருண்டு கிடப்பது அதன் இழைகள் குத்திட்டு நிற்பதால்தான். அது தெரியாதவர் எல்லா இடத்திலும் பளபளப்பைத் தடவி அதை ரெக்சினாக்கிவிடுவார். மரச்சாமான் விற்கும் ஐக்கியா நிறுவனம் 2006இல் பெர்ட்டில் என்ற நாற்காலியின் படத்தைக் கணினியில் உருவாக்கித் தன் பொருட்பட்டியலில் சேர்த்தது. ஏழெட்டு ஆண்டுகளில் அதன் பொருட்படங்களில் முக்கால்வாசி கணினிப் படங்களாகிவிட்டன. இடையில் கணினிக் கலைஞர்கள் புகைப்படக் கலையையும், புகைப்படக்காரர்கள் கணினியையும் கற்க வேண்டியிருந்தது. அசையாத மரத்துக்கே அவ்வளவு என்றால், உடைக்கு நீ தையற்கடையில் போய் உட்கார்ந்தே ஆக வேண்டும். துணியைக் கசக்கி, உதறி, தொங்கவிட்டுப் பார்த்த பிறகு எண்ணைப் போடு.

உடல் என்று வரும்போது பொறுப்பு இன்னும் கனக்கிறது. தோலுக்குள் புகுந்த ஒளி உள்ளே சிதறி வேறோர் இடத்தில் வெளிவருவதை நடைமுறையில் கணக்கிடும் வழி 2001இல் வந்தது. கணினி முகங்களின் பிளாஸ்டிக் தோற்றம் நீங்கியதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் பிக்சாரில் பணியாற்றி, பின் யேல் பல்கலைக்கழகத்துக்கு வந்த தியோடர் கிம், 2020இல் ஒரு கசப்பான உண்மையை எழுதினார். இந்த ஆய்வு மரபு வெளிர்தோலின் உள்ளொளியையே மனிதத் தோலின் இலக்கணமாக்கிவிட்டது, கருந்தோலின் மேற்பரப்பில் தெறிக்கும் மினுமினுப்பு பின்தள்ளப்பட்டது என்றார். மென்பொருள் தானாகத் தரும் அமைப்புக்குள்ளும் யாரோ ஒருவரின் தேர்வு ஒளிந்திருக்கிறது. அதை அப்படியே ஏற்றால் அது உன் தேர்வாகிவிடும். கேமரன் ஜேம்ஸ் வில்சன் என்ற பிரிட்டிஷ் புகைப்படக் கலைஞர் 2017இல் உருவாக்கிய ஷுடு, கருந்தோலை அற்புதமாகக் காட்டிய கணினி உருவம். மறு ஆண்டே பால்மேன் விளம்பரத்தில் இடம்பிடித்தாள். ஆனாலும் ஒரு வெள்ளையர் கறுப்பினப் பெண்ணின் தோற்றத்தைக் கொண்டு புகழ் சேர்க்கிறார், உண்மையான கறுப்பின மாடல்களுக்கு வாய்ப்பு எங்கே என்ற கேள்வி எழுந்தது. அது நியாயமான கேள்வி என்றே நினைக்கிறேன். நியூயார்க் மாநிலத்தில் 2025 ஜூன் 19 முதல், ஒரு மாடலின் டிஜிட்டல் நகலைப் பயன்படுத்த எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும். எதற்காக, எவ்வளவு காலம், என்ன ஊதியம் என்பதும் அதில் இருக்க வேண்டும். உன் ஊரில் அப்படிச் சட்டம் இல்லாவிட்டாலும் உன் ஒப்பந்தத்தில் அதைச் சேர்க்க யார் தடுக்கப்போகிறார்கள்?

ஃபேஷன் படம் என்றைக்கு உண்மையாக இருந்தது, ஊசி குத்தி இறுக்கிய உடையும் திருத்திய இடுப்பும்தானே என்று நீ கேட்கலாம். வலுவான கேள்விதான். ஆனால் அந்தப் பழைய பொய்யையும் யாரும் சும்மா விட்டுவிடவில்லை. மாடலின் உடலமைப்பை மாற்றிய விளம்பரப் படத்தில் அதைக் குறிப்பிட வேண்டும் என்று பிரான்ஸ் 2017இலேயே விதித்தது. தவிர, ஊசிக்குப் பின்னால் ஓர் உடையாவது இருந்தது. வாசகி கடையில் போய்த் தொட்டுப் பார்க்க முடிந்தது. தைக்கவே முடியாத ஒன்றை விற்பனைக்குரிய உடையாகக் காட்டுவது வேறு ரகம். கனவு உடை என்று சொல்லிவிட்டு எவ்வளவு வேண்டுமானாலும் பறக்கலாம், அதில் எனக்கு மறுப்பே இல்லை. சொன்னால் மயக்கம் கலைந்துவிடும் என்பார்கள். கார்ட்டூன் படம் வரையப்பட்டது என்று தெரிந்தும் ஜனங்கள் அழுகிறார்களே! அமெரிக்க வோக்கின் 2025 ஆகஸ்ட் இதழில் கெஸ் விளம்பரத்தில் வந்த பெண், செயற்கை நுண்ணறிவு உருவாக்கியவள். அதைச் சொல்லும் குறிப்போ பக்கத்தின் மூலையில் பொடி எழுத்தில் இருந்தது. வாசகர்கள் கொதித்தார்கள். செயற்கை நுண்ணறிவில் மடிப்பை இயந்திரம் தேர்ந்துகொள்கிறது, உண்மைதான். ஆனாலும் அந்தப் படத்தை அச்சுக்கு அனுப்புவது மனிதர்தான்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் இதழாசிரியரிடம் மூன்றை எழுத்தில் கேள்: உடையின் உண்மையான வெட்டுத் துண்டுகளும் துணி மாதிரியும் தருவார்களா, உருவத்துக்கு ஆதாரமான பெண்ணுக்குச் சம்மதமும் ஊதியமும் உண்டா, கணினிப் படம் என்பதைக் கலைஞர்கள் பெயர் போடும் அதே அளவு எழுத்தில் அச்சிடுவார்களா. மறுத்தால் அந்த வேலை வேண்டாம், மகளே.

அன்புடன்,
பெரியப்பா