குச்சிக்கிழங்கின் பின்னாலேயே போ

ராசிபுரம்,
மாசி மாதம்

அன்புள்ள கண்ணு,

உன் கடிதம் வந்து நாலு நாளாயிற்று. காட்டில் கிழங்கு பிடுங்குகிறோம், அதனால்தான் பதில் தாமதம். "தொழில்நுட்பம், ஆட்சிமுறை, இலக்கியம், சுற்றுச்சூழல் நான்கையும் சேர்த்து ஓர் ஆய்வுத் தலைப்பு கொண்டுவரச் சொல்கிறார்கள். நான் தமிழ் படித்தவள், மற்ற மூன்றுக்கும் எங்கே போவேன் சித்தப்பா?" என்று கேட்டிருந்தாய்.

எங்கும் போக வேண்டாம். நம் வீட்டுக் களத்துக்கு வா. இன்று பிடுங்கிய குச்சிக்கிழங்கு, உன் புத்தகத்து மரவள்ளி, அங்கே குவிந்து கிடக்கிறது. நீ கேட்ட நான்கு துறைகளும் அந்தக் குவியலில் இருக்கின்றன.

நாளைக் காலை இது ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைக்குப் போகும். வண்டி உள்ளே நுழைந்ததும் லோடிலிருந்து கொஞ்சம் கிழங்கை மாதிரிக்கு எடுப்பார்கள். அதை வெளியில் ஒரு முறையும் தண்ணீரில் மூழ்கவைத்து ஒரு முறையும் எடை போடுவார்கள். மாவுச்சத்து கூடுதலாக உள்ள கிழங்கின் அடர்த்தி அதிகம், தண்ணீருக்குள்ளும் அதன் எடை அவ்வளவாகக் குறையாது. அந்தக் கணக்கிலிருந்து வருவதுதான் 'பாயிண்ட்'. பாயிண்டுக்கு இத்தனை ரூபாய் என்று விலை பேசுவார்கள். பத்து மாத வெயிலும் மழையும் உழைப்பும் அந்த ஒரு எண்ணில் வந்து நிற்கும். உன் அப்பா அந்த நேரத்தில் வாய் திறக்க மாட்டார், தராசையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

இதில் ஒரு இயற்பியல் பாடம் இருக்கிறது. தராசைச் சரிபார்ப்பது யார், அன்றைய பாயிண்ட் விலையை முடிவு செய்வது யார் என்று கேட்டால் அது ஆட்சிமுறைப் பாடமாகிவிடும். இன்னும் ஒன்று கேள். விலை பிடிக்கவில்லை என்றால் அப்பா ஏன் லோடைத் திருப்பிக் கொண்டுவருவதில்லை? பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் உள்ளே கறுத்துக் கெட்டுவிடும் என்பதால்தான். நெல்லைப்போல மூட்டை கட்டி வைத்துக் காத்திருக்க வழியில்லை. விவசாயியின் பேரம் பேசும் பலத்தைக் கிழங்கின் உயிரணுவே தீர்மானித்துவிடுகிறது. பொருளாதாரம் மட்டும் படித்தவருக்கும், தாவரவியல் மட்டும் படித்தவருக்கும் இதில் பாதிதான் தெரியும்.

அதே கிழங்கு ஜவ்வரிசி ஆனபின் கதை மாறுகிறது. ஜவ்வரிசியை மாதக்கணக்கில் வைத்திருக்கலாம். அதனால்தான் 1981இல் ஆலைக்காரர்கள் சேர்ந்து சேலத்தில் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்க முடிந்தது. கிடங்கில் சரக்கை வைத்து, அதன் பேரில் கடன் வாங்கி, டெண்டரில் நல்ல விலை வரும்வரை காத்திருக்கும் வசதி அவர்களுக்குக் கிடைத்தது. காத்திருக்கக்கூடிய பொருளுக்கு ஓர் அமைப்பு உருவாகிவிட்டது. காத்திருக்க முடியாத பொருளை விளைவிக்கிறவருக்கு அப்படி ஓர் அமைப்பு எப்படி இருக்கும்? யாராவது உட்கார்ந்து யோசிக்க வேண்டிய கேள்வி இது. அந்த யாராவது நீயாகவும் இருக்கலாம்.

கொஞ்சம் வரலாறும் தெரிந்துகொள். உண்மையான சேகோ தென்கிழக்கு ஆசியாவின் ஒருவகைப் பனைமரத்துச் சோற்றிலிருந்து வருவது. இரண்டாம் உலகப் போரில் அந்தப் பக்கத்துக் கப்பல்கள் நின்றுபோயின. சேலத்து மாணிக்கம் செட்டியார், பினாங்கிலிருந்து வந்த போபட்லால் ஷாவின் தொழிலறிவைத் துணைகொண்டு, 1943இல் குச்சிக்கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார். மறு ஆண்டே பஞ்சச் சூழல். மக்கள் பசிக்கு உண்ணும் கிழங்கை ஆலையில் அரைக்கக் கூடாது என்று மாவட்ட ஆட்சியர் தடை போட்டார். பின்னர் அது நீங்கியது. ஒரு பயிர் உணவா, தொழிலுக்கு மூலப்பொருளா என்று இன்று உலகம் முழுக்க நடக்கும் விவாதம் நம் ஊரில் அன்றே நடந்திருக்கிறது. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அகதிபோல வந்த பொருள் ஊரின் அடையாளமாகிவிட்டது.

இனி பூச்சிக்கு வருகிறேன், உன் தமிழுக்கு வேலை இருப்பது இங்கேதான். 2020இல் கேரளத்தின் திருச்சூர்ப் பக்கம் புதிய மாவுப்பூச்சி ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. சீக்கிரமே நம் காடுகளுக்கும் வந்தது. கொழுந்து சுருண்டு, கணுக்கள் நெருங்கி, செடி உச்சியில் கொத்தாகக் கட்டிக்கொள்ளும். அதைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே வெள்ளை மாவு அப்பியிருக்கும். தென் அமெரிக்காவில் பிறந்த பூச்சி அது. 1970களில் ஆப்பிரிக்காவுக்குள் புகுந்து, கிழங்கையே நம்பியிருந்த மக்களைப் பசியில் தள்ளியது. ஹான்ஸ் ஹெரன் என்ற அறிவியலாளரின் குழு அதன் இயற்கை எதிரியைத் தேடியது. 1981இல் பராகுவே நாட்டில் கிடைத்த மிகச் சிறிய குளவி ஒன்று ஆப்பிரிக்காவைக் காப்பாற்றியது. ஹெரனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு தந்தார்கள்.

அந்தக் குளவியைத்தான் பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து முறைப்படி அனுமதி பெற்று வரவழைத்தது. தனிமைப்படுத்தி வளர்த்து, வேறெதற்கும் கேடில்லை என்று சோதித்தபின், 2022 மார்ச் 7ஆம் தேதி நம் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் வயலில் விட்டார்கள். குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். புழு அதை உள்ளிருந்தே தின்று, வெறும் கூடாக்கிவிட்டு வெளியேறும்.

ஆனால் குளவி விட்ட காட்டில் யாராவது பூச்சிமருந்து அடித்தால் முதலில் சாவது குளவிதான். ஆக விவசாயியிடம் பேச வேண்டும். எந்தச் சொல்லில் பேசுவது? நம் பேச்சில் கெடுதல் செய்வதும் பூச்சி, நன்மை செய்வதும் பூச்சி. நஞ்சுக்கோ 'மருந்து' என்று பெயர். "காட்டில் பூச்சி விட்டிருக்கிறோம், மருந்து அடிக்காதீர்கள்" என்று சொன்னால், கேட்பவர் மனதில் என்ன ஓடும் என்று நினைத்துப் பார். மருந்து என்றால் குணமாக்குவது என்றுதான் பிறந்ததுமுதல் கேட்டு வளர்ந்திருக்கிறோம். பூச்சியியல் வல்லுநரின் பல ஆண்டு உழைப்பு இந்த இரண்டு சொற்களில் வந்து சிக்கிக்கொள்ளும். அதை அவிழ்க்கத் தமிழ் படித்தவள்தான் வர வேண்டும்.

பெயரையே பார். அரசாங்கத் தாளில் 'மரவள்ளி', நம் ஊரில் 'குச்சிக்கிழங்கு'. விதை போடுவதில்லை, குச்சியை வெட்டி நடுகிறோம். பக்கத்துக் காட்டிலிருந்து, அடுத்த ஊரிலிருந்து குச்சி வாங்கி வருகிறோம். தேமல் நோயும் மாவுப்பூச்சியும் ஊர்விட்டு ஊர் பயணம் செய்வது பெரும்பாலும் அதே குச்சியில்தான். நோய் பரவும் வழியை மக்கள் வைத்த பெயரே சொல்லிக்கொண்டிருக்கிறது.

இப்படிப்பட்ட நம் ஊர்ச் சொற்களைத்தான் எழுத்தாளர் பெருமாள்முருகன் 2000இல் கொங்கு வட்டாரச் சொல்லகராதியாகத் தொகுத்து வெளியிட்டார். அதை மொழி நூலாக மட்டும் பார்க்காதே. நிலம், நீர், கருவி, வேலை பற்றி இந்த மண் அறிந்ததன் பதிவேடு அது. 1991இல் வந்த 'ஏறுவெயில்' என்ற அவருடைய முதல் நாவலையும் படி. குடியிருப்புக் கட்டுவதற்காக விளைநிலத்தைக் கையகப்படுத்துகிறார்கள், ஒரு குடும்பம் சிதைகிறது. அரசாணையில் ஏக்கரும் இழப்பீடும் இருக்கும். நிலம் போனபின் ஒரு வீட்டில் யார் யாரோடு பேசுவதை நிறுத்தினார்கள் என்பது நாவலில்தான் இருக்கும். இரண்டும் சான்றுகளே.

ஆலைக்குப் பின்புறமும் ஒருமுறை போய் வா. கிழங்கு கழுவிய நீரும் பாலெடுத்த நீரும் புளித்து நாறும். அதை அப்படியே ஓடையில் விட்டால் கிணறு கெடும். மூடிய தொட்டியில் விட்டால் எரிவாயு கிடைக்கும், பல ஆலைகள் அதைச் செய்கின்றன. சக்கையான திப்பி மாட்டுத் தீவனமாகிறது. ஒரே கழிவு ஓரிடத்தில் வழக்காகவும் இன்னோரிடத்தில் வருமானமாகவும் இருப்பதற்குக் காரணம் என்ன என்று கேட்டு எழுது.

முறையைச் சொல்லிவிடுகிறேன். நான்கு துறைகளிலும் ஒவ்வொரு அத்தியாயம் எழுதித் தைத்துவிட்டால் அது பல்துறை ஆய்வு ஆகாது. முதலில் ஒரு பொருளைப் பிடி. அது போகும் இடமெல்லாம் கூடவே போ. உன் துறையால் பதில் சொல்ல முடியாத கேள்வி வரும்போது அதைச் சுற்றிக்கொண்டு போகாதே. தெரிந்தவரிடம் போய், தெரியாது என்று சொல்லிக் கேள். அவர் விடையில் உன் துறைக்கு ஒரு புதுக் கேள்வி கிடைத்தால் நீ சரியான வழியில் போகிறாய் என்று அர்த்தம். எழுதி முடித்ததை அப்பாவிடம் வாசித்துக் காட்டு. இந்தக் காட்டைப் பற்றிய ஆய்வு, இந்தக் காட்டில் உழைப்பவருக்கு விளங்க வேண்டும்.

சனிக்கிழமை இன்னொரு லோடு போகிறது. வெள்ளி இரவே வந்துவிடு. இரண்டு நோட்டு எடுத்து வா. ஒன்றில் தராசு காட்டும் எண்ணை எழுது. மற்றதில், தராசைப் பார்த்து நிற்கிறவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதைச் சொல் மாறாமல் எழுது.

அன்புடன்,
சித்தப்பா