உறுதி, ஓடு, உவர்

2021 கடைசியில் மட்டக்களப்பு புளியந்தீவில், வாவிக்கு அருகே ஒரு பழைய ஓட்டு வீடு வாங்கினேன். அன்று போட்ட செலவுக் கணக்கு ஒரு கொப்பித் தாளில் அடங்கியது: வீட்டின் விலை, திருத்த வேலை, அவ்வளவுதான். அந்தத் தாளில் இல்லாத செலவுகள்தான் என் சேமிப்பைத் தின்றன.

முதற்செலவு உறுதியில் வந்தது. நம் பக்கம் வீடு பெரும்பாலும் பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகும். எழுதிக்கொடுக்கும் தாய் தன் சீவிய உரித்தை, அதாவது உயிருள்ளவரை அனுபவிக்கும் உரிமையை, வைத்துக்கொண்டு எழுதுவதும் வழக்கம். வீடு மகளின் பேரில் இருந்ததால் அவரோடு விலை பேசி முற்பணமும் கொடுத்துவிட்டேன். நொத்தாரிசு பழைய உறுதியைப் புரட்டியபோதுதான் தாயின் சீவிய உரித்து அப்படியே கிடப்பது தெரிந்தது. அவர் கொழும்பிலிருந்து வந்து கையொப்பமிட இரண்டு மாதமாயிற்று. ஆகவே, காணிப் பதிவகத்தில் 30 வருடப் பதிவுகளைத் தேடிப் பார்க்காமல் முற்பணம் கொடுக்காதீர்கள். கடன் கேட்டால் வங்கியும் அதைத்தான் கேட்கும். "கனகாலமா நாங்கதான் இருக்கம்" என்ற சொல் உறுதி ஆகாது.

முத்திரை வரியையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். 50 இலட்சத்து வீட்டுக்கு 1,99,000 ரூபாய். நொத்தாரிசு கூலியும் நில அளவையாளர் கூலியும் தனி.

அடுத்தது கடன். பழைய கட்டடத்துக்கு வங்கியின் மதிப்பீட்டாளர் பெரிதாக விலை போடமாட்டார். அவர் பார்ப்பது காணியைத்தான். நாம் பேசிய விலைக்கும் அவர் போட்ட விலைக்கும் இடையிலுள்ள பள்ளத்தைக் கைக்காசால்தான் நிரப்ப வேண்டும். திருத்த வேலைக்கான கடனும் கட்டங்கட்டமாகவே வரும்; முதற்கட்ட வேலையை நம் காசில் முடித்துக் காட்ட வேண்டும். நான் மனைவியின் நகையை அடகு வைத்தேன்.

என் பெரிய பிழை, மாறும் வட்டிக்குக் கையொப்பமிட்டது. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 வீதப்புள்ளி உயர்த்தியது. 15 வருடத்துக்கு எடுத்த 30 இலட்சத்துக்கு 12 வீத வட்டியென்றால் மாதம் ஏறத்தாழ 36,000 ரூபாய். 24 ஆனால் 61,700. அதே நேரம் சீமெந்து விலையும் இரண்டு மடங்கைத் தாண்டியது. அந்த வருடம் வேலையைப் பாதியில் நிறுத்தினேன். கடன் எடுக்குமுன் வட்டி இரட்டித்தால் கட்ட முடியுமா என்று கணக்குப் பாருங்கள். முடியாதென்றால், சில வருடத்துக்காவது வட்டி மாறாத கடனைக் கேளுங்கள், அல்லது சின்ன வீடாகப் பாருங்கள்.

இனி ஓடு. 1978 நவம்பர் சூறாவளியில் பறந்த ஓட்டைத் திரும்ப வேய்ந்த வீடு அது. ஓடு புதிது, அடியிலுள்ள மரம் பழையது என்பது எனக்கு உறைக்கவில்லை. அழகுக்கு ஆசைப்பட்டு முதலில் தரைக்கு மாபிள் பதித்தேன். ஐப்பசியில் மழை பிடித்ததும் அறைக்கு அறை வாளி வைத்தோம். வயதான ஓடாவியார் ஒருவர் நாலு ஓட்டைக் கழற்றிக் கைமரத்தைக் கத்தியால் குத்தினார். கத்தி பிடிவரை இறங்கியது, உள்ளே முழுக்கக் கறையான்.

"தம்பி, இத வாங்கக்குள்ள பார்த்திருக்கணும். இப்ப மழை. தைக்குப் பிறகு கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

விலை பேசுமுன் ஓர் ஓடாவியாரைக் கூட்டிப்போய் ஓட்டைக் கழற்றிப் பாருங்கள். அவருக்குக் கொடுக்கும் ஒருநாள் கூலியைப் போல பல மடங்கை விலையில் குறைக்கலாம். கூரை வேலையைப் பங்குனிக்கும் ஆவணிக்கும் இடையில் முடித்துவிடுங்கள்.

கடைசியாக உவர். வாவிக்கரை மண்ணில் உப்பு உண்டு. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய சுவருக்கு நான் சீமெந்துப் பூச்சுப் பூசினேன். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், சீமெந்து உள்ளே அடைத்துவைக்கும். ஒரே வருடத்தில் இடுப்பளவுக்கு உப்புப் பூத்துப் பூச்சு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. அதைக் கொத்தியெடுத்துச் சுண்ணாம்பிலேயே திரும்பப் பூசினோம். ஒரு வேலைக்கு இரண்டு கூலி.

இன்று யாரும் கேட்டால் ஒரு வரிசை சொல்வேன்: உறுதி, கூரை, சுவர், வயரிங், தண்ணீர், அதன்பின்தான் தரையும் நிறமும். மேசனும் ஓடாவியாரும் சொல்லும் மொத்தச் செலவில் நாலில் ஒரு பங்கை மேலதிகமாக ஒதுக்கி, கடைசி மாதம்வரை அதில் கை வைக்காதீர்கள். அந்த ஒதுக்கு இல்லையென்றால் இந்த வருடம் வாங்க வேண்டாம். பழைய வீடு இன்னும் ஒரு மாரியைத் தாங்கும்.